அடிக் கணக்கு

உதய்ப்பூரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று
என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.
எங்கே வெள்ளைக்கல், எங்கே கருங்கல்,
எந்த ஊரில் நானூறு அடிக்குக் கீழே புகைதான் வரும்,
எந்த டோல்கேட்டில் எவன் கை நீட்டுவான்,
எல்லாம்.
ஏரி எப்படி இருக்கும் என்றால்
"இருக்குது புள்ள, ஒரு ஏரி" என்கிறார்.

திருச்செங்கோட்டில் எங்கள் தெரு அப்படி.
எதிர்வீட்டு மாப்பிள்ளை சத்தீஸ்கர்,
மூலைவீட்டுக்காரர் ஒடிசா,
என்னுடையவர் ராஜஸ்தான்.
கல்யாணமான பதினோராம் நாள்
ரிக் வண்டியோடு வடக்கே ஏறியவர்;
பத்தொன்பது வருசத்தில்
நான் பார்த்த வடக்கு
அவர் சட்டைக் காலரில் வந்த வெள்ளை மாவு,
துவைத்தாலும் முழுக்கப் போகாது.

இந்தத் தடவை நான் கேட்டேன்.
நாலே நாள்.

பில் புக்கின் பின்னட்டையில் கட்டம் போட்டோம்.
பத்தாம் தேதி வண்டி டியூ.
ரெண்டாம் ஞாயிறு ராசிபுரம், மகளின் ஹாஸ்டல்.
பதினைந்தில் சீட்டு.
ஐப்பசி பிறந்து நோம்பி சாட்டிவிட்டால்
வெளியூரில் ராத்தங்கக் கூடாது.
புரட்டாசிக் கடைசியில்
மடித்த சேலைக்குள் மறந்த நோட்டைப் போல
நாலு நாள் கிடந்தது.
"கவிச்சி திங்காத மாசம், அங்கயும் ரொட்டிதான்,
செலவு கம்மி" என்றேன்.
சிரிக்கவில்லை. கணக்கில் இருந்தார்.

கோயமுத்தூரில் ஏறி மும்பையில் மாறி
ரெண்டு பேருக்கு முப்பத்தாறாயிரம்.
"முன்னூத்தறுபது அடி."
மூணு ராத்திரி ரூம்.
"அறுவது அடி."
படகுக்கு எண்ணூறு.
"எட்டு அடி" என்றவர் நிறுத்தினார்.
"எட்டடியில தண்ணி பாத்ததே இல்ல புள்ள நான்."
அப்போதுதான் சிரித்தார்.

எங்கள் வாசலில் ஆயிரத்து நூற்றைம்பது அடி.
அவரே போட்டது.
சனிக்கிழமை சனிக்கிழமை டேங்கர் வருகிறது.

டிக்கெட்டுக்குப் பேர் கேட்டது போன்.
அர்த்தநாரி, நாற்பத்தேழு.
சாந்தாமணி, நாற்பத்தொன்று.
ஆதார் நகலுக்கு ஆர்.சி. புக் உறையைக் கவிழ்த்தபோது
ஒரு சீட்டு விழுந்தது.
இந்தி எழுத்து, படகுப் படம்,
ஆறு வருசத்துக்கு முந்தின தேதி.
ஒரு ஆள். கிழிக்கவில்லை.

"ஏறலையா?"

என்ன பதிலுக்கு ஆசைப்பட்டேன் என்று
சொல்ல எனக்கே கூச்சம்.

"கம்ப்ரசர் ஹோஸ் வெடிச்சிருச்சுன்னு போன் வந்துச்சு.
திரும்பிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இத்தன நாளா வெச்சிருக்கீங்க?"

"காசு குடுத்து வாங்குனது."

நான் போய் மிக்ஸியை ஓட்டினேன்,
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.
சட்னி கூழானது.
ஒரு பொய் சொல்லியிருந்தால்
நம்பியிருப்பேன்.
நாலு நாள் முழுக்க அந்தப் பொய்யைக்
கூடவே கூட்டிக்கொண்டு திரிந்திருக்க வேண்டும்.
அதற்கு இது தேவலை.

விளக்கணைத்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு,
"எல்லாம் சோடி சோடியா உக்காந்திருந்தாங்க" என்றார்.
அவ்வளவுதான்.
குறட்டை வந்துவிட்டது.

காலையில் ஒன்று பாக்கி.
ஏரி தெரிகிற ரூம்,
ஒரே ஒரு ராத்திரிக்கு, ரெண்டாயிரம் கூட.
"சன்னல்ல என்னத்த பாக்கறது?
தூங்கத்தானே போறோம்?"

ஆயிரம் அடி தாண்டி
வெறும் புகை கிளம்பும்போது,
காட்டுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு
எந்தப் பாசை பேசினாலும்
ஒன்றையேதான் சொல்வார்களாம்.
அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
ஒரு பைப்பு இருபது அடி.
அடி நூறு ரூபாய்.

பேனாவை நானே வாங்கிக்கொண்டு,
"ஏனுங்க,
இன்னொரு பைப்பு
எறக்கிப் பாக்கலாமுங்க" என்றேன்.